பாண் ஓட்டோவில் போன ஓராட்டு

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இறங்கி, றஹ்மான் முதலாளியின் பாண் சுடுகிற போறணை எங்கே என்று ஆரையும் கேட்கத் தேவையில்லை. விடியற்புறம் மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பாண் வாசம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடும். றோஸ் பாண், சீனி தூவின பணிஸ், மீன் பணிஸ். நிலாவெளியில் இருந்து திரியாய் வரைக்கும் காலைத் தேத்தண்ணிக்குத் துணை போவது இந்தப் போறணைச் சாமான்தான். உள்ளதைச் சொல்ல என்ன கூச்சம்?

கலீலுர் றஹ்மானுக்கு அந்தக் கூச்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். "நாலாம் வகுப்புக்குப் போயிருந்தா நான் கிளாக்கராப் போயிருப்பன். அருந்தப்புல தப்பினன்" என்று கந்தோர்க்காரரின் முகத்துக்கு நேரேயே சொல்லுவார். திருகோணமலைத் துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்து தொழிலுக்கு வந்த மனிதர். தலையில் சுமந்த மாவைப் பிறகு இன்னொருத்தரின் பேக்கரியில் கையால் பிசைந்தார். அதற்கும் பிறகு தன்னுடைய போறணையைத் தானே கல் அடுக்கிக் கட்டினார். சுனாமியில் கடல் வந்த வருசம் அது இடிந்து போனது. திரும்பவும் கட்டினார். "முதல் போறணையைக் கட்டினவன் மேசன். ரெண்டாவதைக் கட்டினவன் முதலாளி. ரெண்டும் நான்தான்" என்பது அவருடைய வசனம். புதிதாக வருகிற எவரும் இதைக் கேட்காமல் அந்த வாசலைத் தாண்ட ஏலாது.

மனைவி லைலா கிடைத்ததும் இந்தத் தொழிலால்தான். அந்த நாளில் மா துணிச் சாக்கில் வரும். வெறும் சாக்குகளைச் சேர்த்துக் கட்டி, லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து தோப்பூருக்குக் கொண்டுபோய், தைக்கிற பெண்களுக்கு விற்பார். அப்படி வாங்கினவர்களில் ஒருத்தர் நஜ்முன் நிஸா. சாக்கைத் தோய்த்து வெளுத்து, தலையணை உறையும் பிள்ளைகளின் சட்டையும் கையாலேயே தைப்பா. அவவின் மகள் லைலா. சாக்கு விற்கப் போன றஹ்மான் கொஞ்ச நாளில் பெண் கேட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருசத்துக்குள் மாமி மவுத்தாகிவிட்டா. அவ தைத்துக் கொடுத்த உறைகள் ஒரு பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டியைக் கடல் கொண்டுபோனது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. லைலாவிடம் மிஞ்சினது உம்மா பிள்ளை உறங்கப் பாடின ஓராட்டு ஒன்றுதான்.

அலை வந்து கால் நனைக்கும் – கண்ணே
அதுக்கு நீ அழலாமோ
வலை வந்து கரை சேரும் – வாப்பா
வரும் மட்டும் உறங்கலாமே

இவ்வளவுதான் பாட்டு. "வாப்பா" என்ற சொல்லில் வந்து ஒரு நிற்பு நிற்கும். பிள்ளை கிடக்கிற ஏணை ஒருதரம் ஆடிப் போய்த் திரும்புகிற நேரம். பிறகு கடைசி வரி மெல்ல வந்து இறங்கும். இந்தப் பாட்டில்தான் லைலாவின் பிள்ளைகள் எல்லாரும் உறங்கினார்கள். இப்போது கடைசி மகள் பஸ்மியாவின் கைக்குழந்தை இன்ஷிரா உறங்குகிறாள். உறங்குகிறாள் என்பது பேச்சுக்கு. அவளை உறங்க வைக்கிறது போறணை கட்டுவதிலும் பார்க்கப் பெரிய வேலை.

இனிப் பாண் ஓட்டோவின் கதைக்கு வருவோம். நாடு முழுக்கப் பாண் விற்கிற ஓட்டோக்கள் ஒரே வெள்ளைக்கார மெட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிகின்றன. றஹ்மானுக்கு மூன்று ஓட்டோ. மூன்றும் அதே மெட்டு. ஒருநாள் வேறெங்கோ இருந்து வந்த ஓட்டோ ஒன்று நேற்றைய பாணை நிலாவெளியில் விற்றுவிட்டுப் போக, வாங்கின மனிசி றஹ்மானுக்குப் போன் எடுத்துத் திட்டினா.

"கோழியே ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கூவுது. என்ட பாணுக்கும் அவன்ட கல்லுக்கும் ஒரே கூவலா?" என்று றஹ்மான் போறணைக்கு முன்னால் நின்று குமுறினார். குமுறிக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து லைலாவின் ஓராட்டு கேட்டது. வாயை மூடினார். அவர் வாயை மூடினால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

போன் கடை வைத்திருக்கிற நிப்றாஸ் லைலாவின் தம்பி மகன். கீபோட் வாசிப்பான். அவனைக் கூட்டிவந்து குசினிப் பக்கம் இருத்தி, லைலா பாடுவதை அப்படியே பிடிக்கச் சொன்னார் றஹ்மான். லைலா, பெடியன் சும்மா பழகுகிறான் என்று நினைத்தா. அடுத்த கிழமை மூன்று ஓட்டோவும் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிப் போனபோதுதான் தெரிந்தது. நிப்றாஸ் கெட்டிக்காரன். நிற்பைக்கூட விடாமல் பிடித்திருந்தான்.

"ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றா லைலா.

"கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பீங்க. நேரம் மிச்சம்" என்றார் றஹ்மான்.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தக் கரை முழுக்கச் சொல்லும். வடக்கே குச்சவெளி, திரியாய்ப் பக்கம் போகிறவன் அஸாம். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பொய் சொல்லத் தெரியாதவன். பின்னேரம் திரும்பி வந்து சொன்னான்:

"முதலாளி, சனம் ஓட்டோவ விடுதில்ல. தாய்மார் ஒரு பணிஸ வாங்கிட்டு, சில்லறை தேடுற மாதிரி உள்ளுக்குப் போய் நிக்காங்க. புள்ள உறங்கினாப் பிறகுதான் காசோட வெளிய வாறாங்க. கும்புறுபிட்டியில ஒரு வயசாளி கதிரையப் படலையடியில போட்டுட்டு, ரெண்டாந்தரமும் இந்தப் பக்கத்தால போ மகனே எண்டுறார். பாண் எல்லாம் ஆறிப்போகுது."

"ஆறட்டும். ஆறினாலும் அது என்ட பாண்."

"இன்னொண்டு. அந்த மெட்டு நடுவில நிக்குதெல்லா, அதில நான் 'பாண்!' எண்டு ஒரு சத்தம் போடுறனான். நல்ல வாய்ப்பான இடம். அதுக்கு நேற்று ஒரு மனிசி விளக்குமாத்தோட வந்துட்டா. அப்பத்தான் கண்ணை மூடின புள்ளையாம்."

றஹ்மான் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. அன்றே பெயின்ற்காரரைக் கூப்பிட்டு மூன்று ஓட்டோவின் பின்பக்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதுவித்தார்: "எங்கட சொந்த மெட்டு. தோப்பூர் மாமியின் பாட்டு."

அந்த எழுத்துத்தான் வினையைக் கொண்டுவந்தது.

முதலில் இறக்கக்கண்டிக் கரையில் வலை இழுக்கிற இரத்தினசிங்கம் வந்தார். கரைவலைக்காரருக்குத் தலைவர் மாதிரி. குரல் கடலுக்குப் பழகின குரல். "முதலாளி, உது எங்கட அம்பாப் பாட்டு. வலை இழுக்கேக்க நாங்கள் பாடுறது. நீங்கள் அதுக்கு நித்திரைக் குளிசை குடுத்து விட்டிருக்கிறீங்கள். உங்கட மாமியின்ர பாட்டிலயும் அலை வருதாம். தோப்பூர் வயல்காட்டில அலை ஆற்ற காலை நனைச்சது?"

பிறகு திரியாயில் இருந்து அஸாமிடம் செய்தி வந்தது. கௌசிகா என்று ஒரு பிள்ளை, சின்ன மகனுக்காகத் தினமும் ஓட்டோவை மறிக்கிறவ, அது தங்கட ஊர்த் தாலாட்டு என்றாளாம். அதில் அலை இல்லையாம், குருவி வந்து கதிர் தின்னுமாம். காவலுக்குப் போன அப்பா வரும் மட்டும் உறங்கலாமாம். போதாக்குறைக்கு நேவிக் காவலரணில் நிற்கிற சிங்களப் பெடியன் ஒருவன் ஓட்டோவை மறித்து, தன் ஊரில் இதே மெட்டில் யானை குளத்துக்குப் போகிறது என்று கைகளால் யானை காட்டினானாம்.

வேறு ஆள் என்றால் இத்தனையைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்திருப்பார். றஹ்மான் தேத்தண்ணிக் கடையில் எல்லாருக்கும் நடுவில் எழும்பி நின்றார்.

"இந்த மெட்டு எங்கட மாமி கட்டினது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதிட்டு என்ட போறணைக்கு வாங்க. ஆராவது தன்ட எண்டு காட்டினா ஓட்டோவில இருந்து மெட்டையும் எடுப்பன், எழுத்தையும் அழிப்பன், அவர் வீட்டுக்கு ஒரு ஓட்டோ நிறையப் பணிஸும் அனுப்புவன். தீர்ப்புச் சொல்றது என்ட பேத்தி. ஆற்ற பாட்டுக்கு அவ உறங்குறாவோ அவரு வெண்டார். அவவுக்கு நான் ஆர், நீங்க ஆர் எண்டு ஒண்டும் தெரியா. நீதி பிசகாது."

வீட்டுக்கு வந்து இதையும் பெருமையாகத்தான் சொன்னார். லைலா சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றா.

"பாட்டு வீட்டுக்குள்ள இருந்த மட்டும் அது உம்மாட பாட்டு. அதத் தெருவில விட்டீங்க. பிறகு எழுதிப் போட்டீங்க. இப்ப பந்தயமும் கட்டிட்டு வந்திருக்கீங்க. வெள்ளிக்கிழமை வேற ஆராவது வெண்டா, எனக்கு உம்மாட எண்டு சொல்ல என்ன இருக்கு?"

"நான் தோக்கமாட்டன்."

"தோத்தா?"

றஹ்மான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போறணைப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. போறணைச் சூடு எட்டாத முன்னறையில் ஏணை கட்டியாயிற்று. இரத்தினசிங்கம் தோய்த்த சேட்டுப் போட்டு வந்தார். கௌசிகாவை அஸாம் ஓட்டோவில் ஏற்றி வந்தான். நேவிப் பெடியனுக்கு டியூட்டி, ஆனால் தன்னுடைய வாக்கு யானைக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தான். வாசலில் அயல் சனம். றஹ்மான் வெள்ளைச் சேட்டோடு நெஞ்சை நிமிர்த்தி நடுவில் நின்றார். லைலா குசினி வாசலில் இருந்தா, முகம் கொடுக்கவில்லை.

இன்ஷிரா ஏணைக்குள் கிடந்து நல்ல முழிப்போடு காலை உதறினாள்.

"வயசுக்கு மூத்தவர் முதல்" என்றார் றஹ்மான். அதில் ஒரு கணக்கு இருந்தது. இரத்தினசிங்கத்தின் குரலுக்கு மீனே பயந்து ஓடும். குழந்தை வீரிட்டுக் கத்தும். ஒரு ஆள் அவுட்.

இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார். வலையின் கயிறு கையில் இருக்கிற மாதிரி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றில் இருந்து அம்பாவை மெல்ல எடுத்தார். அலை வருவதும் போவதும் மாதிரி, ஆழமான குரல். இரண்டாவது வரியில் குழந்தையின் கால் நின்றது. மூன்றாவது வரியில் கண் சொருகியது. நாலாவதற்கு அவசியமே இருக்கவில்லை.

எல்லாரும் ஏணையை எட்டிப் பார்த்தார்கள். நீதிபதி வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள்.

"இது செல்லாது!" என்று றஹ்மான் ஆரம்பிக்க, பஸ்மியா பாய்ந்து வந்து தகப்பனின் வாயைப் பொத்தினாள்.

"வாப்பா! ஆராவது என்ட புள்ளைய எழுப்பினீங்க, இண்டைக்கு இந்த வீட்டில கொலை விழும்."

"மற்ற ஆள் பாடோணுமே, மகள்."

"பாடட்டும். அவளா எழும்பினாப் பிறகு பாடட்டும்."

அவளாக எழும்புகிற அறிகுறியே இல்லை. வந்த சனத்தை அப்படியே அனுப்ப முடியுமா? தேத்தண்ணி வந்தது, பணிஸ் வந்தது. கிளாஸ் சத்தம் போடாமல் வைக்கப்பட்டது. வழக்கு முழுக்க இனிக் குசுகுசுப்பில்தான் நடந்தது. றஹ்மானின் குசுகுசுப்பு மற்ற ஆட்களின் சாதாரணப் பேச்சு அளவுக்கு இருந்தபடியால், பஸ்மியா ஒரு விரலை அவருக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் வெண்டிட்டன்" என்று இரத்தினசிங்கம் காதோடு சொன்னார்.

"குரல் வெண்டது. மெட்டு ஆற்ற? அதச் சொல்லுங்க. நீங்க எங்க படிச்ச?"

"என்ர அப்புவிட்டத்தான்."

"அப்பு?"

இரத்தினசிங்கம் தலையைச் சொறிந்தார். "அவர்... பருவத்துக்கு இஞ்ச வந்து மீன்வாடி போட்டிருந்த சிலாபத்து ஆக்களிட்டப் பழகினதெண்டு ஒருக்கால் சொன்னவர். பொய் சொல்ல ஏலாது."

றஹ்மானுக்குச் சந்தோஷம். கௌசிகாவின் பக்கம் திரும்பினார். "நீங்க, தங்கச்சி?"

"எங்கட வீட்டில என்ர மாமியார்தான் பாடுறவ, றஹ்மான் நானா. அவவின்ர தாய் தம்பலகாமத்தில இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவ. அங்க ஆர் சொல்லிக் குடுத்ததெண்டு மாமிக்கும் தெரியாது."

"பார்த்தீங்களா! ஒருத்தருக்கும் வேர் இல்ல. அப்ப மெட்டு எங்கட—"

"அலை எங்க இருந்து வந்தது, முதலாளி?" என்று இரத்தினசிங்கம் விடாமல் குசுகுசுத்தார். "தோப்பூரில கடலைக் காட்டுங்கோ பாப்பம்."

றஹ்மான் தான் எப்போதும் செய்கிறதைச் செய்தார். மூச்சை நன்றாக இழுத்து நெஞ்சை விரித்தார். "நான் ஆரு தெரியுமா" என்று தொடங்குவதற்குள் வெள்ளைச் சேட்டின் பொத்தான் தெறித்துப் பறந்து, ஏணையின் விளிம்பில் பட்டு விழுந்தது. சனம் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அஸாம் எழும்பி வெளியே ஓடினான், அங்கே போய்ச் சிரிப்பதற்கு.

"இஞ்ச வாங்க" என்றா லைலா, கோபம் தீராத குரலில். ஊசியும் நூலும் எடுத்து, அவரைக் குசினி வாசலில் நிறுத்தி, போட்டிருந்த சேட்டிலேயே பொத்தானை வைத்துத் தைக்கத் தொடங்கினா. நெஞ்சுக்கு நேரே ஊசி, பக்கத்தில் உறங்குகிற பிள்ளை. றஹ்மானால் அசையவும் ஏலாது, கதைக்கவும் ஏலாது.

கௌசிகா லைலாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். "ராத்தா, ஒண்டு கேட்கட்டா? ஓட்டோவில 'அப்பா' எண்டு வாற இடத்தில ஒரு நிற்பு நிக்குதே. எங்கட பாட்டில அது இல்லை. இப்ப நானும் நிப்பாட்டித்தான் பாடுறனான். அதில என்ர மகன் கண்ணைத் திறந்து ஒருக்கால் பார்ப்பான். திரும்பப் பாட்டு வந்தவுடனே மூடிடுவான். அது இல்லாமல் அவனுக்கு இப்ப நித்திரை வராது."

"எங்கட அம்பாவிலயும் இல்லை" என்றார் இரத்தினசிங்கம். "இழுக்கேக்க நிண்டால் வலை திரும்பிக் கடலுக்குப் போயிடும். நான் நினைச்சன் நிப்றாஸ் கீபோட்டைப் பிழையா அமத்திப்போட்டான் எண்டு."

"அது பிழையில்ல" என்றா லைலா. "உம்மா அப்பிடித்தான் பாடுவா."

"ஏன் ராத்தா?"

"ஏனெண்டா... அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு, எப்படியென்று காட்டுவதற்காகக் கௌசிகாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்ல எடுத்தா. கை தைத்துக்கொண்டிருந்தது. அலை கால் நனைத்தது, வலை கரை சேர்ந்தது. "வாப்பா" என்று வரும்போது பொத்தானைச் சுற்றி நூலை இறுக்கி முடிச்சுப் போட்டாயிற்று. லைலா குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தா. பிறகு, "வரும் மட்டும் உறங்கலாமே" என்று முடித்தா.

முடித்துவிட்டு அப்படியே நின்றா. உதட்டில் ஒட்டியிருந்த நூல் துண்டை எடுத்துப் பார்த்தா.

"நூல்" என்றா. "உம்மா நூல் கடிச்சிருக்கா."

ஒருத்தருக்கும் முதலில் விளங்கவில்லை. லைலாவுக்குச் சொல்லச் சொல்லச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"ஏணைக் கயிற்றைக் காலால ஆட்டிக்கொண்டு சாக்குத் தைப்பா. வீட்டில கத்தரிக்கோல் ஏது? ஒவ்வொரு தையல் முடியக்குள்ளயும் கடிச்சுத்தான் அறுக்கோணும். வாயில நூலை வெச்சிட்டு எப்பிடிப் பாடுற? அதுக்குத்தான் நிண்டிருக்கா. தம்பி அந்த நிற்போடயே உறங்கிப் பழகினான். நானும் அதையே படிச்சிட்டன். இவ்வளவு காலமும் நூலே இல்லாம நிண்டு நிண்டு பாடியிருக்கன்!"

கௌசிகா வாயில் கை வைத்தாள். "அப்ப எங்கட திரியாய்ப் பிள்ளையள் எல்லாம் உங்கட உம்மா நூல் கடிச்சு முடியும் மட்டும் காத்துக்கொண்டு கிடந்திருக்குதுகள்!"

"மெட்டு ஆற்றையோ என்னவோ" என்று இரத்தினசிங்கம் கடைசிப் பணிஸை எடுத்துக்கொண்டு சொன்னார். "அந்த நிற்பு உங்கட உம்மாவின்ரதான், தங்கச்சி. அதில எங்களுக்குப் பங்கு இல்லை."

லைலா நூல் துண்டை எறியவில்லை. முந்தானைத் தலைப்பில் முடிந்துகொண்டா. றஹ்மான் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு பொறுக்க ஏலாமல் குசுகுசுத்தார்: "அந்தச் சாக்கெல்லாம் ஆர் கொண்டுபோய்க் குடுத்த? நான் சாக்குக் கொண்டுபோகாட்டி தையல் ஏது, நூல் ஏது, நிற்பு ஏது?"

இந்தமுறை சனத்தால் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் நீதிபதி எழும்பி வீரிட்டாள். பஸ்மியா கொலை எதுவும் செய்யவில்லை. அவளும்தான் சிரித்தாள்.

பந்தயத்தில் வென்றது ஆர் என்று இன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் கேட்டால் நாலு மறுமொழி வரும். பணிஸ் இரத்தினசிங்கத்தின் வாடிக்கும் போனது, திரியாய்க்கும் போனது, நேவிக் காவலரணுக்கும் ஒரு பெட்டி போனது. பெயின்ற்காரர் திரும்ப வந்தார். றஹ்மான் மாமியின் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்ல, லைலா மறித்தா. "உம்மாட பேரத் தெருத்தெருவா ஓட விடாதீங்க. வேற மாதிரி எழுதுங்க." அப்படி எழுதினதுதான் இப்போது ஓட்டோக்களின் பின்னால் இருக்கிறது: "மெட்டு எல்லாருடையது. நிற்பு மட்டும் மாமியுடையது." புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு படலையிலும் அஸாம் கதையைச் சொல்லிச் சொல்லியே பாணை விற்கிறான். நிற்கிற இடத்தில் "பாண்!" என்று கத்துவதை மட்டும் விட்டுவிட்டான். லைலா மாமியின் கட்டளை.

போன கிழமை மாக் கொம்பனியில் இருந்து ஒரு புது ஏஜென்ற் வந்திருந்தார். றஹ்மான் அவரைப் போறணைக்கு முன்னால் நிறுத்தித் தொடங்கினார். பின்னேர ஓட்டோ மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"முதல் போறணையைக் கட்டினவன் மேசன். ரெண்டாவதை—"

மெட்டு "வாப்பா" என்ற இடத்துக்கு வந்து நின்றது. றஹ்மானும் நின்றார். கை தூக்கினபடி, வாய் திறந்தபடி. ஏஜென்ற், இந்த மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து உள்ளே பார்த்தார். உள்ளே லைலா மாத் தட்டிய கையோடு சிரித்துக்கொண்டு நின்றா. மெட்டு திரும்ப வந்தது.

"—கட்டினவன் முதலாளி. ரெண்டும் நான்தான்" என்று முடித்தார் றஹ்மான்.